‘ஆல்ரெடி’ வந்த வாக்கியத்தில் ‘எஸ்டர்டே’க்கு இடம் உண்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்த நான், பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்க விரும்பும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். மாதிரிக் கடிதம் ஒன்றில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட் த டாக்டர் எஸ்டர்டே’ என்று எழுதியிருந்தேன். ஓர் ஆசிரியர் ‘ஹேவ்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹேட்’ போட்டார். இன்னொருவர், ‘ஆல்ரெடி வந்தால் ஹேவ்தான் வரவேண்டும், நீங்கள் எழுதியதே சரி’ என்கிறார். யார் சொல்வதை ஏற்பது?

பதில்: இந்த வாக்கியத்தைப் பொறுத்தவரை இருவர் சொன்னதும் தவறு. ‘எஸ்டர்டே’ என்று நாளைச் சொல்லிவிட்ட பிறகு ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிற்காது. நாள் முக்கியம் என்றால் ‘ஐ இன்ஃபார்ம்ட் த டாக்டர் எஸ்டர்டே’ என்று எழுதுங்கள். நாள் முக்கியமில்லை, சொல்லியாயிற்று என்பதே செய்தி என்றால் ‘எஸ்டர்டே’யை எடுத்துவிட்டு ‘ஐ ஹேவ் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட் த டாக்டர்’ என்று எழுதுங்கள். நேற்று, போன வாரம், மார்ச் 12, இரண்டு நாளுக்கு முன்பு என்று முடிந்துபோன பொழுதைக் காட்டும் எல்லாச் சொற்களுக்கும் இதுவே விதி. ‘டுடே’ போன்ற சொற்கள் ‘ஹேவ்’ உடன் வரலாம், ஏனென்றால் அவை காட்டும் பொழுது இன்னும் முடியவில்லை.

உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில் வியப்பே இல்லை. ‘நேற்றே டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்’ என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். வார்டில் உங்களோடு டியூட்டி பார்க்கும் மலையாளிச் செவிலியரும் ‘இன்னலெ தன்னெ பறஞ்ஞிட்டுண்டு’ என்கிறார். இந்த ‘இருக்கிறேன்’ பக்கத்திலும் அந்த ‘உண்டு’ பக்கத்திலும் ‘நேற்று’ வந்து நிற்பதற்கு இரண்டு மொழியிலும் தடை கிடையாது, ஆங்கிலத்தில் உண்டு. போதாததற்கு, ‘நேற்றே’ என்பதன் கடைசியில் இருக்கும் ஏகாரமே ‘ஏற்கெனவே’ என்ற பொருளைத் தந்துவிடுவதால், அதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தாக வேண்டும் என்று கை தானாக ‘ஆல்ரெடி’யை எழுதிவிடுகிறது. அந்த ஏகாரத்தை அங்கே மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘எஸ்டர்டே’ ஒன்றே போதும்.

பள்ளியில் என்ன செய்கிறார்கள்? ஒரு பெட்டி போட்டு, ‘ஆல்ரெடி, ஜஸ்ட், யெட் வந்தால் ஹேவ் அல்லது ஹேஸ்’ என்று உருப்போட வைத்து, கோடிட்ட இடத்தை நிரப்பியதற்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் இதுதான் நடக்கிறது. அதே பெட்டியைப் பயிற்சி மையங்கள் வண்ணத்தாளில் அச்சடித்து ‘டென்ஸ் சார்ட்’ என்று விற்கின்றன. ‘த பேஷன்ட் இஸ் ஆல்ரெடி ஆன் இன்சுலின்’ என்ற சாதாரண வாக்கியத்தில் ‘ஹேவ்’ எங்கே என்று கேட்டால் அந்தச் சார்ட்டில் பதில் இருக்காது. ‘ஆல்ரெடி’ காலத்தைத் தீர்மானிக்கும் சொல்லே இல்லை. எதிர்பார்த்ததற்கு முன்பே நடந்துவிட்டது என்ற குறிப்பைத் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

இனி ‘ஹேட்’. பழைய செய்தி என்றாலே ‘ஹேட்’ போடுவது நம் ஊர் ஆங்கிலத்தில் ஊறிப்போன பழக்கம். நேற்றுக் கடைக்குப் போனதைக்கூட ‘ஐ ஹேட் கான்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘ஹேட்’ வரவேண்டுமானால் கடந்த காலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அவற்றில் முந்தியதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். நோயாளியை வேறொருவரின் கவனிப்புக்கு அனுப்பும் ரெஃபரல் லெட்டரில் இது உண்மையாகவே பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நோயாளி மார்ச் 12 அன்று அனுமதிக்கப்பட்டார், பிப்ரவரியிலேயே இன்சுலின் தொடங்கிவிட்டார்கள் என்று தேர்வில் தரும் நோயாளிக் குறிப்புகளில், அதாவது கேஸ் நோட்ஸில், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வென் ஷீ வாஸ் அட்மிட்டட் ஆன் 12 மார்ச், ஷீ ஹேட் ஆல்ரெடி பீன் ஸ்டார்ட்டட் ஆன் இன்சுலின்’ என்று எழுதுவது முற்றிலும் சரி. தேதி வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அது அட்மிஷனுக்கு உரிய தேதி, இன்சுலினுக்கு உரியது அன்று. உங்கள் வாக்கியத்தையும் அப்படி ஆக்கலாம்: ‘பை த டைம் த ஃபேமிலி அரைவ்ட் எஸ்டர்டே, ஐ ஹேட் ஆல்ரெடி இன்ஃபார்ம்ட் த டாக்டர்.’ இங்கே ‘எஸ்டர்டே’ குடும்பத்தார் வந்த நாளைச் சொல்கிறது. அவர்கள் வந்த செய்தி கடிதத்தில் இல்லையென்றால் ‘ஹேட்’டுக்கும் அங்கே வேலை இல்லை. ஆசிரியர் அதை விசாரிக்காமலே சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார்.

எதிர்மறை வாக்கியத்தில் ‘ஆல்ரெடி’ போடாதீர்கள். ‘த ரிப்போர்ட் ஹேஸ் நாட் கம் யெட்’ என்பதே முறை. அமெரிக்கர்கள் ‘ஹேவ்’ இல்லாமலும் ‘ஆல்ரெடி’ சொல்வார்கள். அதை இப்போது மனத்தில் ஏற்ற வேண்டாம்.

‘ஒரு ஹேவ் தப்பினால் ஒரு மார்க் போச்சு’ என்று பயமுறுத்தி, கடிதத்துக்கு இவ்வளவு என்று திருத்தக் கட்டணம் வாங்குகிறவர்களிடம் கவனமாக இருங்கள். ஓஇடியில் கடிதம் எழுதும் தேர்வை ஆறு அளவுகோல்களில் பார்க்கிறார்கள், மொழி அவற்றில் ஒன்று. கடிதத்தின் நோக்கமும், நோட்ஸில் எதை எடுத்தீர்கள் எதை விட்டீர்கள் என்பதும் தனித்தனியாக மதிப்பிடப்படுகின்றன. 45 நிமிடத் தேர்வில் முதல் 5 நிமிடம் வாசிக்க மட்டுமே. அதை இந்தச் சார்ட்டை நினைவுகூர்வதில் செலவழித்தவர்கள் நிறையப் பேர்.

இதைவிடப் பெரிய பொறி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் இருக்கிறது. ‘வீ ஹேவ் ஆல்ரெடி சப்மிட்டட் யுவர் ஃபைல்’ என்ற வரியை அவர்கள் ஏன் விரும்புகிறார்கள் தெரியுமா? மேலே சொன்ன விதிப்படி அதில் நாள் சொல்ல இடமே கிடையாது. இலக்கணமும் கெடாது, பொய்யும் பிடிபடாது. ‘வென் டிட் யூ சப்மிட் இட்?’ என்று ஒரே வரியில் திருப்பிக் கேளுங்கள். சரியான பதில் ‘ஹேவ்’ இல்லாமல், ‘வீ சப்மிட்டட் இட் ஆன்’ என்று தொடங்கித் தேதியோடுதான் வர முடியும். மறுபடியும் ‘ஆல்ரெடி’யே வந்தால், ஒப்புகை நகலை அனுப்பும்வரை அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்; பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வரம்பு இருப்பதையும் உங்கள் பதில் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.