வாயை மட்டும் அசை

அன்புள்ள ஐயா,

என் ஆறு வயது மகள் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' படத்தின் 'ஆல் இஸ் லவ்' பாட்டை ஓயாமல் போடச் சொல்கிறாள். கூடவே கத்துவாள், சுருதி சேராது. தாத்தாவுக்கு அனுப்ப வீடியோ எடுக்கும்போது மட்டும் "பாடாதே, ஆடு" என்போம். பாட்டு வகுப்பிலும் சேர்த்திருக்கிறோம். ராக் பாடகியின் பாட்டு இந்த வயதுக்குச் சரியா? தமிழில் தொடங்க வேண்டாமா?

கே., முத்தியால்பேட்டை

அன்புள்ள கே.,

ராக்கா, தமிழா என்பதெல்லாம் கிடக்கட்டும். "பாடாதே, ஆடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் மூன்றாவது படித்தபோது ஆண்டுவிழாவுக்கு 'ஓடி விளையாடு பாப்பா'. 'பாப்பா' வரும் இடத்துக்கு எல்லாரையும்விட அரை மாத்திரை முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன், அவ்வளவு ஆசை. கடைசி ஒத்திகையில் டீச்சர் கன்னத்தைத் தட்டி, "நீ வாயை மட்டும் அசைடா கண்ணு" என்றார். அசைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "அத்தனை பேர்ல உன் குரல்தான்டா தனியா கேட்டுச்சு." அந்தப் பாட்டை நான் அப்புறம் பாடவே இல்லை. எழுதிய பாரதி உங்கள் புதுச்சேரியில் பத்து வருஷம், 1908 முதல் 1918 வரை, இருந்தவர். அவர் எந்தப் பாப்பாவையும் வாயசைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

உங்கள் மகள் கேட்கும் பாட்டைப் பாடிய கேரன் ஓ, 'யே யே யேஸ்' ராக் குழுவில் மைக்கை வாயில் கவ்விக்கொண்டு அலறுகிறவர். 2009இல் வந்த இந்தப் படத்துக்குப் பாடியபோது பயிற்சியில்லாத பிள்ளைகளைத்தான் கூடப் பாட வைத்தார். தட்டில் போட்ட பெயரே 'கேரன் ஓ அண்ட் த கிட்ஸ்'. ஒருத்தி முந்துவாள், ஒருவன் பிந்துவான், சுருதி கொஞ்சம் மேலே கீழே போகும். கும்பலாகக் கேட்பதே அதனால்தான். ஸ்டூடியோவில் 'கோரஸ்' என்று ஒரு எஃபெக்ட் உண்டு. ஒற்றைக் குரலை நகலெடுத்து, துளி தாமதித்து, சுருதியை லேசாக ஆட்டி, பலர் பாடுவதுபோலக் காட்டும். அதற்கு ஒரு பெட்டி செய்து விற்கிறார்கள் ஐயா! உங்கள் வீட்டில் அது சும்மா கிடைக்கிறது, நீங்களோ ஃபீஸ் கட்டித் திருத்த அனுப்புகிறீர்கள்.

நம் சினிமாவில் 1960இலேயே, 'களத்தூர் கண்ணம்மா'வில் சின்னப் பையன் கமலுக்கு எம்.எஸ். ராஜேஸ்வரி பாடினார். அந்தக் குரலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருக்குப் பின்னால் மழலை என்ற பெயரில் மூக்கால் கொஞ்சிய பெரியவர்கள் இருக்கிறார்களே... வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரை இன்னும் போடவில்லை.

வகுப்புக்குப் போகட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வீடியோவை மறுபடி எடுங்கள். அவள் பாடட்டும், கூட நீங்களும் பாடுங்கள். தாத்தாவுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

தமிழ்ப் பாட்டு கேட்டிருந்தீர்கள், இல்லையா? அதையும் போடுங்களேன், யார் வேண்டாம் என்றது?