400 கி.மீ. தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம்?

கேள்வி: இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே 400 கி.மீ. தூரம் என்று இணையத்தில் பார்த்தேன். அந்தத் தடத்தில் செல்லும் டர்போபிராப் (சுழல்விசிறியால் உந்தப்படும்) விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்கிறார்கள். வகுத்தால் 48 நிமிடம்தான் வருகிறது. அட்டவணையிலோ 1 மணி 15 நிமிடம் என்று இருக்கிறது. எது தவறு?

பதில்: தவறு எதிலும் இல்லை. இணையம் காட்டும் 400 கி.மீ. என்பது பூமியின் வளைந்த பரப்பின்மீது இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். விமானம் அந்தக் கோட்டிலேயே செல்வது அரிது. வரையறுக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்றியும், ராணுவத்துக்கென ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளைச் சுற்றியும் சென்று, இறுதியில் காற்றை எதிர்கொண்டு இறங்குவதற்கேற்ப ஓடுபாதையின் மறுமுனைக்குச் சுற்றிவரவும் வேண்டியிருப்பதால், பறக்கும் தூரம் சற்றுக் கூடிவிடுகிறது.

இதைவிட முக்கியமானது வேகம். நீங்கள் குறிப்பிடும் 500 கி.மீ. வேகம், விமானம் உயரத்தை எட்டிச் சீராகப் பறக்கும்போது மட்டுமே கிடைப்பது. ஏறத்தாழ 17,000 அடி உயரத்துக்கு ஏறவே கால் மணி நேரம் ஆகலாம். அப்போதும், பிறகு இறங்கும்போதும் வேகம் குறைவு. நீண்ட பயணத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது, 400 கி.மீ. பயணத்திலோ பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடும். குறுகிய தடங்களில் ஜெட் விமானம் வந்தாலும் நேரம் எதிர்பார்த்த அளவு குறையாததற்குக் காரணம் இதுவே.

அட்டவணையில் உள்ள புறப்படும் நேரம், சக்கரங்கள் தரையை விட்டு எழும் நேரமன்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரமும் அவ்வாறே, மறுமுனையின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். ஆகவே ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்திருப்பதும், சிறு தாமதங்களுக்கென விடும் இடைவெளியும் அந்த 75 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

காற்றின் பங்கையும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், உங்கள் 48 நிமிடக் கணக்கு ஏறக்குறைய 55 நிமிடமாகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 43 நிமிடமாகும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுவதும் ஈட்டிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கூட்டிப் பாருங்கள்: இருவழிக்கும் சேர்த்து காற்றில்லாத நாளில் 96 நிமிடம், காற்றுள்ள நாளிலோ 97 நிமிடத்துக்கு மேல். எதிர்க்காற்றில் கழியும் நேரமே அதிகம் என்பதால் இழப்பு முழுமையாக ஈடாவதில்லை.

கேள்வி: ஒரே தடத்துக்கு ஓரிடத்தில் 216 என்றும், வேறோரிடத்தில் 249 என்றும் தூரம் போடுகிறார்களே?

பதில்: அலகைப் பாருங்கள். 400 கி.மீ. என்பது சுமார் 249 மைல். விமானத் துறை பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் 216. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகும். விமானத்தின் வேகத்தை ‘நாட்’ என்ற அலகில் கூறினால், அது மணிக்கு இத்தனை கடல் மைல் என்பதால், கடல் மைலில் உள்ள தூரத்தையே அதனால் வகுக்க வேண்டும்.