மார்பக ஆபரேஷனுக்கு முன் நெஞ்சில் நரம்பு ஊசி: எதற்கு, எவ்வளவு பாதுகாப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பகத்தில் கேன்சர். மார்பகத்தையும் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க இன்னும் பத்து நாளில் ஆபரேஷன். முழு மயக்கத்தோடு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே நெஞ்சில் நரம்புக்கு ஒரு ஊசியும் போடுவோம் என்கிறார் மயக்க டாக்டர். முழு மயக்கம் இருக்கும்போது இது எதற்கு? நுரையீரலில் குத்திவிடாதா? இதைப் போட்டால் கேன்சர் திரும்பாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், உண்மையா? அம்மாவுக்கு இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இரத்தம் உறையாமல் இருக்க கிளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார்.

பதில்: கடைசியாகச் சொன்னதை முதலில் பேசிவிடுவோம், அதற்குத்தான் நாள் கணக்கு இருக்கிறது. கிளோபிடோக்ரெலின் வேலை உடம்பில் அடங்க 5 முதல் 7 நாள் ஆகும். முதுகெலும்பை ஒட்டி ஆழமாகப் போடும் ஊசி என்றால் அந்த மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது வழக்கம். நெஞ்சுத் தசைகளுக்கு நடுவே மேலாகப் போடும் ஊசிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இருதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது, நாளைக்கே இருவரிடமும் சொல்லுங்கள்.

சரி, ஊசி எதற்கு? முழு மயக்கம் ஆபரேஷன் முடியும் வரைதான். கண் விழித்ததும் ஆரம்பிக்கும் வலிக்குத்தான் இந்த ஊசி. மார்பகத்தின் உணர்ச்சி பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் வழியாகப் போகிறது, அந்த நரம்புகளை மரத்துப்போக வைத்துவிட்டால் மார்ஃபின் மாதிரியான மருந்துகள் குறைவாகவே தேவைப்படும், வாந்தியும் தலைசுற்றலும் குறையும். மார்பக ஆபரேஷன் முடிந்த பெண்களுக்கு வாந்தி ஒரு பெரிய தொல்லை, அதனால் இதை நான் சாதாரண லாபமாக நினைப்பதில்லை. இருதயமோ நுரையீரலோ ரொம்பப் பலவீனமாக இருக்கும் சிலருக்கு, முழு மயக்கமே இல்லாமல் இந்த ஊசியையும் லேசான தூக்க மருந்தையும் வைத்தே ஆபரேஷன் செய்வதும் உண்டு.

இந்த நரம்பு ஊசியை ‘பிளாக்’ என்போம், இதில் பல வகை. முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் போடும் பாராவெர்டிப்ரல் பிளாக் 1905-லேயே ஜெர்மனியில் தொடங்கியது. தசை அடுக்குகளுக்கு நடுவே போடும் பெக்ஸ் பிளாக்கை ரஃபேல் பிளாங்கோ 2011, 2012-இல் விவரித்தார், முதுகுத் தசைக்கு அடியில் போடும் இரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016-இல் வந்தது. மார்பகத்தோடு அக்குளையும் தொடும் ஆபரேஷனுக்கு என் ஓட்டு பாராவெர்டிப்ரலுக்கு. பெக்ஸ் போட்டால் நடு நெஞ்செலும்பை ஒட்டிய பகுதி சில சமயம் மரக்காமல் விட்டுப்போகும். ஆனால் உங்கள் டாக்டர் எதைத் தினமும் போட்டுப் பழகியிருக்கிறாரோ அதுவே அம்மாவுக்கு நல்லது, கிளோபிடோக்ரெலை நிறுத்த முடியாவிட்டால் பெக்ஸ்தான் பொருத்தம்.

நுரையீரல் பயம் நியாயமானது. முன்பு தோலுக்கு மேலே அளந்து, கை உணர்வை நம்பித்தான் குத்தினார்கள். இப்போது திரையில் விலா எலும்பின் கறுப்பு நிழலும், இரண்டு எலும்புக்கு நடுவே மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகரும் ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். அந்தக் கோடுதான் நுரையீரலின் உறை. ஊசி இன்னொரு வெள்ளைக் கீற்றாக உள்ளே வரும், நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தள்ளக் கூடாது. பெக்ஸ் என்றால், மருந்து இறங்கும்போது இரண்டு தசைகளும் விலகி, நடுவே கறுப்பாகக் குளம் கட்டும். அதைப் பார்த்தால்தான் சரியான இடம் என்று உறுதி. இவ்வளவு பார்த்தும் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடாது, குறைகிறது.

இன்னொரு ஆபத்து, மருந்து அளவு மீறி இரத்தத்தில் கலப்பது. உதட்டைச் சுற்றி மரத்தல், காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, கடைசியில் வலிப்பு வரை போகலாம். அதனால்தான் எடை பார்த்து அளவு போடுகிறோம்: ரோபிவகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து என்றால் கிலோவுக்கு சுமார் 3 மில்லிகிராம் உச்சவரம்பு, அம்மா 60 கிலோ என்றால் 180 மில்லிகிராம். இதை முறிக்கும் மருந்தாக 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) ஆபரேஷன் தியேட்டரில் தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. பாராவெர்டிப்ரலுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கண் இமை கொஞ்சம் தொங்கினால் நர்ஸிடம் சொல்லுங்கள், மருந்தின் வீரியம் குறைந்ததும் சரியாகிவிடும்.

உறவினர் சொன்னது நம்பிக்கையோடு தொடங்கிய ஒரு யோசனை, ஆராய்ச்சியில் நிற்கவில்லை. 2,100-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாராவெர்டிப்ரல் போட்டவர்களுக்கும் வழக்கமான மயக்கம் பெற்றவர்களுக்கும் கேன்சர் திரும்பி வருவதில் வித்தியாசம் இல்லை. வலிக்காகப் போடுங்கள், கேன்சர் திரும்பாது என்பதற்காக வேண்டாம்.

அப்புறம் வீட்டுக்காரர்கள் கோட்டைவிடும் இடம் முதல் இரவு. ஒருமுறை போடும் ஊசி பெரும்பாலும் அரை நாள் வரை தாங்கும், காலையில் போட்டது ராத்திரி தூக்கத்தில் விட்டுப்போகும், வலி திடீரென்று ஏறும். அம்மா ‘வலியே இல்லையே’ என்று சொன்னாலும் எழுதிக் கொடுத்த பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள், தூங்கப் போகும் முன்பான வேளையைக் கண்டிப்பாக விடாதீர்கள். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.