காரை எப்போது வீட்டில் விடலாம்? – கேள்வி பதில்

சிங்கப்பூரில் பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கணக்குகளில் பெட்ரோல் லிட்டருக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றும், கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்திருக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங்கிலிருந்து: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பாதியாகக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும்?

பெட்ரோலில் 125 வெள்ளி. அதோடு இஆர்பி என்ற சாலைக் கட்டணம், வெளியிடங்களில் கார் நிறுத்தும் கட்டணம். நிறையப் பேர் எதிர்பார்ப்பதைவிட இது குறைவுதான். ஏனென்றால் இங்கே பெட்ரோல் செலவு சின்னத் துண்டு. கார் வைத்திருக்கப் பத்தாண்டுக்கு வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயை 1 லட்சம் வெள்ளிக்கு எடுத்திருந்தால், 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 833 வெள்ளி. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கூரையுள்ள கார்நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி வேறு. கார் ஓடினாலும் தூங்கினாலும் இவை போய்க்கொண்டே இருக்கும்.

"இவ்வளவு கொடுத்தாச்சு, ஓட்டாமல் விட்டால் நஷ்டம்" என்ற நினைப்பு இதிலிருந்துதான் வருகிறது. கொடுத்த பணம் ஓட்டினாலும் திரும்பாது. ஓட்டினால் மேலும் போகும், அவ்வளவுதான். முதலில் வெட்ட வேண்டியது 2 கிலோமீட்டருக்குட்பட்ட ஓட்டங்களை. எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும், அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் கிலோமீட்டருக்கு அதிக பெட்ரோல் குடிக்கும். பலமாடி நிறுத்துமிடத்தின் ஆறாம் மாடியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கிக் காப்பிக்கடைக்குப் போவது அதில் மோசமான வகை.

இன்னொன்று: காரின் கையேடு 95 ஆக்டேன் பெட்ரோல் போதும் என்றால் 98 போட வேண்டாம். 2021 பிப்ரவரியில் உயர்த்தியபோது தீர்வை மட்டுமே 95க்கு லிட்டருக்கு 66 காசு, 98க்கு 79 காசு என்று ஆனது. விலை உயர்ந்ததைப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்பது பெட்ரோல் நிலையப் பேச்சு.

ஈசூனிலிருந்து: அப்படியென்றால் வீட்டில் உள்ள இரண்டாவது காரை விற்றுவிடலாமா?

உண்மையான சேமிப்பு அங்கேதான். ஆனால் விற்கும் முன் இரண்டு மாதம் அந்தக் காரைத் தொடாமல் இருந்து பாருங்கள். எந்தெந்தப் பயணத்துக்குத் திண்டாடினீர்கள் என்று எழுதி வையுங்கள். அவை மாதம் நான்கைந்துதான் என்றால் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் பகிர்வுக் கார் போதும். கெட்கோ, டிரைப்கார் போன்றவற்றில் நேரக் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் சேரும் என்பதால் மளிகை வாங்கக் கட்டுபடியாகும், நாள் முழுக்கச் சுற்றினால் கையைக் கடிக்கும். எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். தீபாவளிக்கு முந்திய நாள் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. விபத்தானால் நீங்கள் கட்ட வேண்டிய தொகையை முதலிலேயே படித்துவிடுங்கள்.

விற்கும் நாளும் முக்கியம். பத்தாண்டு முடியும் முன் பதிவை ரத்து செய்தால் சிஓஇயின் மீதி நாளுக்குரிய தொகை வரும். பார்ஃப் கழிவோ (பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு படி இறங்கும். ஆகவே காரின் பிறந்தநாளுக்கு, அதாவது பதிவு செய்த நாளுக்கு, ஒரு வாரம் முன்பு ரத்து செய்வதும் ஒரு வாரம் பின்பு செய்வதும் ஒன்றல்ல. முகவரிடம் விலை பேசும் முன் அரசின் ஒன்மோட்டரிங் தளத்தில் 'பேப்பர் வேல்யூ', அதாவது ரத்து செய்தால் இப்படித் திரும்பக் கிடைக்கும் மொத்தத் தொகையை, பார்த்துக்கொள்ளுங்கள். மாத நிறுத்துமிடச் சீட்டை நீங்களே தனியாக ரத்து செய்ய வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

பொங்கோலிலிருந்து: அண்ணே, எங்கள் புளோக்கில் நால்வர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலைக்குப் போகிறோம். ஒரே காரில் போய்ப் பணத்தைப் பகிர்ந்தால் சட்டப்படி சரியா?

சரிதான், 2015ஆம் ஆண்டின் கார்பூல் விதிவிலக்குக்குள் இருந்தால். ஓட்டுநர் எப்படியும் போகும் பயணமாக இருக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு பயணத்துக்கு மேல் கூடாது. சாலையோரத்தில் நின்று ஆள் சேர்க்கக் கூடாது. வாங்கும் பணம் அந்தப் பயணத்தின் செலவைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு 20 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 5 வெள்ளி, இஆர்பி 3 வெள்ளி என்றால் மொத்தம் 8 வெள்ளி, தலைக்கு 2 வெள்ளி. "போகட்டும், 6 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்" என்று மூவரும் ஆளுக்கு 6 வெள்ளி கொடுத்தால் அது வாடகை ஓட்டமாகிவிடும். அபராதம், சிறை மட்டுமல்ல, காரே பறிபோகலாம். காப்புறுதி நிறுவனத்திடம் கார்பூலுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கார்பூல் உடைவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, மாலை நேரத்தால். ஒருவருக்கு ஆறு மணிக்கு வேலை முடியும், இன்னொருவருக்கு எட்டாகும். அதனால் காலைக்கு மட்டும் சேருங்கள், மாலையில் அவரவர் ரயிலில் வரட்டும். வீடு வீடாகப் போய் ஏற்ற வேண்டாம். புளோக்குக்குக் கீழே ஏற்றி இறக்கும் இடம் ஒன்றே போதும். மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அலுவலக வாசல்வரை கொண்டுவிடுவதும் வேண்டாம், ஓட்டுநரின் வழியில் உள்ள எம்ஆர்டி ரயில் நிலையம் போதும். கணக்கை மாதம் ஒருமுறை பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றம் வழியாகத் தீருங்கள்.

தெம்பனிசிலிருந்து: பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளிக்கு ஏற்றிப் போகலாமா?

போகலாம். 1.35 மீட்டருக்குக் குறைவான ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுந்த இருக்கை வேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்கும் உங்கள் காருக்கும் இல்லை. சிக்கல் அகலத்தில் வரும்: சாதாரண சலூன் காரின் பின்னிருக்கையில் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் மூன்று பெரும்பாலும் அடங்காது, அடங்கினாலும் நடுவில் உள்ளவரின் பெல்ட்டைப் பூட்ட முடியாது. சேர்ப்பதற்கு முன் மூன்றையும் வைத்துப் பூட்டிப் பாருங்கள். பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் பெற்றோர் முறை வைத்து நடத்திக் கூட்டிப் போவதே வேகம். வாசலில் கார் வரிசையில் நிற்கும் நேரத்தில் பிள்ளை வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

உட்லண்ட்ஸிலிருந்து: ஞாயிறு தேக்கா சந்தைக்குப் போக அம்மாவுக்குக் கார்தான் வேண்டுமாம்.

தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ஏறி ஸ்டீவன்சில் டௌன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அடுத்தது நியூட்டன், அதற்கடுத்தது லிட்டில் இந்தியா. மின்தூக்கி வழியாகவே போகலாம். அதே நிலையத்தில் உள்ள வடகிழக்குப் பாதையின் சி வாசல் பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே திறக்கும். சக்கர வண்டிப்பையை எடுத்துப் போங்கள். அரிசி மூட்டையை மட்டும் வீட்டுக்கு அனுப்பும் கடையில் வாங்கினால் அம்மா சொல்லும் காரணம் பாதி போய்விடும்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: பேருந்து மாறும்போது புதிதாகக் கட்டணம் பிடிக்கிறது. ஏன்?

இறங்கும்போது அட்டையைத் தட்டவில்லையா என்று முதலில் பாருங்கள். அடுத்து, மாறுவதற்கு 45 நிமிடம், முழுப் பயணத்துக்கு 2 மணி நேரம் என்ற வரம்பு. முன்பு ஏறிய அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினாலும் புதுப் பயணம்தான். போகும்போது வங்கி அட்டை, மாறும்போது கைப்பேசி என்று தட்டியிருந்தால், இரண்டும் ஒரே அட்டையாக இருந்தாலும் வேறு வேறாகத்தான் பதிவாகும். வேலைநாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தால் 50 காசுவரை குறையும்.

கிராஞ்சியிலிருந்து: எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் போய்ப் பெட்ரோல் அடித்து வந்தால்?

தரைவழியாகப் போகும் சிங்கப்பூர் காரில் புறப்படும்போதே முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டியென்றால் அங்கே நிரப்ப இடம் 12 லிட்டர் சொச்சம்தான். கடற்பாலத்தில் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் நின்றால் அதிலும் லிட்டர் கணக்கில் கரையும்.