கேவலமா, அற்பமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பிரிட்டிஷ் படையை ஜெர்மானியப் பேரரசர் ‘கன்டெம்ப்டிபிள்’ என்று இகழ்ந்ததாக அதில் வருகிறது. ‘கேவலமான படை’ என்று நான் எழுதியதை நண்பர் ஏற்க மறுக்கிறார். ‘கன்டெம்ப்சுவஸ்’ என்பதிலிருந்து இச்சொல் எவ்வாறு வேறுபடுகிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இகழ்பவரின் மனநிலையைச் சொல்வது ‘கன்டெம்ப்சுவஸ்’. இகழத்தக்கதைச் சொல்வது ‘கன்டெம்ப்டிபிள்’. உங்களைப் பற்றி எனக்குக் ‘கன்டெம்ப்டிபிள்’ ஆன அபிப்பிராயமே உண்டு என்று ஒருவர் சீற, உங்கள் அபிப்பிராயங்கள் எல்லாமே அப்படித்தானே என்று மற்றவர் பதிலடி கொடுத்ததாக ஆங்கிலத்தில் ஒரு பழைய வேடிக்கை உண்டு.

நண்பர் மறுப்பது நியாயமே. இழிவானது என்ற பொருளோடு, ஒரு பொருட்டாகக் கொள்ளத் தகாத அளவு சிறியது என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ‘கேவலம் பத்து ரூபாய்க்காகவா இந்தச் சண்டை’ என்னும்போது நம்முடைய ‘கேவலம்’ இந்த இரண்டாம் பொருளைத் தருகிறது. ஆனால் அதுவே ‘கேவலமான’ என்று ஆகிவிட்டால், அந்தப் படை ஏதோ இழிசெயல் புரிந்தது போலத் தொனிக்கிறது. 1914 ஆகஸ்டில் பிரான்சில் இறங்கிய பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரே இருந்தனர். மேற்கு முனையில் ஜெர்மனி நிறுத்தியதோ பத்து லட்சத்துக்கும் மேல். ஏளனம் அளவைப் பற்றியது என்பதால் ‘அற்பச் சிறு படை’ என்பதே பொருந்தும்.

பேரரசர் இகழ்ந்தார் என்று உறுதியாக எழுதிவிடாதீர்கள். இந்த இகழ்ச்சி இடம்பெற்ற பேரரசரின் ஆணை ஒன்று ஆகஸ்ட் 19 அன்று ஜெர்மனியின் ஆஹன் நகரில் பிறப்பிக்கப்பட்டதாகப் பிரிட்டிஷ் தரப்பு வெளியிட்டதே தவிர, அதன் ஜெர்மன் மூலம் அகப்படவில்லை; பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் பின்னாளில் அதை மறுத்தார். ‘இகழ்ந்ததாகச் சொல்லப்பட்டது’ என்பதே நேர்மையான வாக்கியம்.

வசையை வாங்கிய வீரர்களோ அதைப் பட்டமாகச் சூடிக்கொண்டு, தங்களை ‘ஓல்ட் கன்டெம்ப்டிபிள்ஸ்’ என்று அழைத்துக்கொண்டதோடு, 1925-இல் அப்பெயரிலேயே சங்கமும் அமைத்தனர். அவர்களுள் கடைசியாக எஞ்சியவராகக் கருதப்பட்ட ஆல்ஃபிரட் ஆண்டர்சன் 2005-இல், 109-ஆம் வயதில், காலமானார். உங்கள் கட்டுரையில் இப்பெயரும் வருமானால் அதைத் தமிழாக்க வேண்டாம். ஒலிபெயர்த்து, முதலில் வருமிடத்தில் மட்டும் ‘அற்பப் படையின் பழைய வீரர்கள்’ என்று விளக்கம் தாருங்கள்.