எல்.என்.பி.யை நைதரசனில் குளிர்விக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து உயர்தரம் படிக்கிறேன். விண்ணிலிருந்து வரும் மில்லிமீற்றர் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் அல்மா தொலைநோக்கியின் ரிசீவர்களை 4 கெல்வினுக்குக் குளிரவைக்கிறார்களாம். எங்கள் பழைய டிஷ்ஷின் எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன்னால் நின்று சமிக்ஞையை வாங்கும் பெட்டியை)த் திரவ நைதரசனில் குளிர்வித்தால் மில்லிமீற்றர் அலைகள் பிடிபடுமா?

பதில்: பிடிபடாது தம்பி. அந்த எல்.என்.பி. 10.7 முதல் 12.75 கிகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான். குளிர்வித்தால் இரைச்சல் குறையுமே தவிர அலைவரிசை மாறாது.

சரி, மில்லிமீற்றர் அலைக்கான 230 கிகாஹேர்ட்ஸ் ரிசீவரே கிடைத்தது என்று வைப்போம். திருகோணமலையில் அதுவும் உதவாது. அல்மா இருப்பது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீற்றர் உயரத்தில். அங்கே தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால், நல்ல நாளில் 1 மில்லிமீற்றர்கூடத் தேறாது. நம் கரையோரத்தில் பல பத்து மில்லிமீற்றர் தேறும். கச்சான் வீசித் தொண்டை வறளும் ஆடியிலும் இதுதான் நிலை. அந்த நீராவி விண்ணிலிருந்து வரும் அலையை விழுங்குவதோடு தானும் 280 கெல்வின் அளவில் கதிர்வீசும். முன்னால் இவ்வளவு சூடு நிற்கும்போது ரிசீவரைக் குளிர்விப்பது வீண்செலவு.

அல்மாவுக்கு அந்தக் குளிர் ஏன் தேவை? அதன் கலப்பிகள் (வரும் அலையைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு இறக்கும் பகுதிகள்) பெரும்பாலும் நயோபியத்தால் ஆனவை. நயோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழேதான் மின்தடையே இல்லாத மீகடத்தி ஆகும். குவாண்டம் விதிகள் 230 கிகாஹேர்ட்ஸில் விதிக்கும் இரைச்சல் எல்லை சுமார் 11 கெல்வின் (இரைச்சலையும் வெப்பநிலையாகவே அளப்பார்கள்). நல்ல ரிசீவர்கள் அதன் சில மடங்குக்குள் வந்துவிட்டதால், இரைச்சலில் இனிக் குறைக்க அதிகம் மிச்சமில்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் ஒரே தடவையில் பிடிபடும் அலைவரிசைப் பட்டையை அகலமாக்கத் துரத்துகிறார்கள். தூசுப்படலம் போன்று எல்லா அலைவரிசையிலும் தொடர்ச்சியாகக் கதிர்வீசும் தொடர்நிறமாலை மூலங்களுக்குப் பட்டையை இரட்டித்தால் அவதானிக்கும் நேரம் பாதியாகும். அல்மாவின் மேம்பாட்டுத் திட்டம் குறைந்தது இரு மடங்கையும், இறுதியில் நான்கு மடங்கையும் குறிவைக்கிறது.

சிக்கல் கலப்பிக்கு அடுத்து வரும் பெருக்கியில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சமிக்ஞை இடையில் முன்னும் பின்னும் தெறித்து, பட்டை முழுக்க மேடும் பள்ளமுமாகிவிடும். நடுவில் சமிக்ஞையை ஒரு பக்கமாக மட்டும் விடும் தனிப்பான் வைத்தால் தெறிப்பு அடங்கும், ஆனால் பட்டையின் அகலத்தை அதுவே கட்டிப்போடும். பெருக்கியைக் கலப்பியோடு ஒட்டிவைக்கலாம்தான். அதன் சூடு 4 கெல்வின் தட்டில் இறங்கும். அங்கே ஒரு வாட் என்பதே பெரிய தொகை.

உங்கள் எல்.என்.பி.க்கு வருவோம். வெற்றிடக் கலம் இல்லாமல் நைதரசன் ஊற்றினால் நம் ஈரக்காற்று அதன் வாயிலேயே பனியாக உறையும், பற்றாசு விரிசல் விடும், உள்ளே இருக்கும் அலையியற்றியின் அதிர்வெண்ணும் நழுவும். கையும் புண்ணாகும். குளிர்விக்காமலே செய்ய நல்ல வேலை இருக்கிறது. சற்றலைட் பைன்டரை (சமிக்ஞையின் பலத்தை முள்ளால் காட்டும் சிறு மானியை) இணைத்து டிஷ்ஷை வடக்கு வானத்துக்குத் திருப்புங்கள். ஒளிபரப்புச் சற்றலைட்டுகள் நமக்குச் சற்றுத் தெற்கே உச்சியை ஒட்டிப் போகும் வளைவில் நிற்பதால் அங்கே குறுக்கிடா. அந்த அளவைக் குறித்துக்கொண்டு நிலத்தைப் பார்க்க வையுங்கள், முள் ஏறும். குளிர்வானமும் சுமார் 300 கெல்வின் நிலமும் தரும் இந்த விகிதத்தைக்கொண்டுதான் ஆய்வுகூடங்களிலும் ரிசீவரை எடைபோடுகிறார்கள்; அங்கே குளிர்ப்பக்கத்துக்கு 77 கெல்வின் திரவ நைதரசன். அப்புறம் சூரியனுக்குத் திருப்புங்கள், 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷிலேயே தெளிவாகத் தெரியும். டிஷ் பளபளப்பாக இருந்தால் முதலில் மங்கலான பெயின்ற் அடியுங்கள், இல்லாவிட்டால் குவியும் வெயிலில் எல்.என்.பி. உருகிவிடும்.