இடுப்பு வலிக்கு யோகா எனக்கு ஒத்துவராதா?

கேள்வி: எனக்கு வயது 46. வங்கியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். படுத்தால் மனசு அடங்குவதில்லை, தூக்கம் போய்விட்டது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீடியோ பார்த்து சூரிய நமஸ்காரம் செய்ததில் வலி கூடிவிட்டது. யோகா எனக்கு ஒத்துவராதா?

பதில்: கண்டிப்பாக ஒத்துவரும், அம்மா. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கியதுதான் சிக்கல். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தொடையின் பின்தசை பெரும்பாலும் இறுகியிருக்கும். முழங்காலை மடக்காமல் குனிந்தால் இழுவை முழுவதும் கீழ்முதுகில் விழும். நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயலவேண்டியவற்றில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இல் சேர்த்தது. ஆனால் அது உங்கள் உடம்புக்கேற்ற யோகாவாக இருக்க வேண்டும்.

இப்போதைக்கு அபானாசனம் போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கையை வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே கால்களை மெல்ல வயிற்றை நோக்கிக் கொண்டுவாருங்கள். மூச்சை இழுக்கும்போது கால்களைக் கை நீளும் தூரத்துக்குத் திரும்ப விடுங்கள். எட்டு முறை. தோளும் தாடையும் தளர்ந்தே இருக்கட்டும். மூச்சு முடிவதற்கு முன் அசைவு முடிந்துவிட்டால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம் படுத்திருங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும் நேரம் நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும், மனசின் ஓட்டமும் மட்டுப்படும். தூங்கப்போகும் முன் செய்வது நல்லது. தூக்கம் கெட்டால் வலியும் கூடுதலாகத் தெரியும் என்பதால் நான் முதலில் தூக்கத்தைத்தான் கவனிப்பேன்.

பிரஷர் இருப்பதால் கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி), சிரசாசனம், மூச்சை அடக்கிவைப்பது வேண்டவே வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யோகா வைத்தியம் என்று சொல்லி மருந்தை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள்.

ஆசிரியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித் தருவது அவசியம். சென்னை என்றால் அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வெளியூர்களில் பல அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. ஸ்கேன் அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.